ஏழே முக்கால் அடி

அம்மன் சப்பரம் இந்த வருஷம் கிணற்றடித் தெருவுக்குள் வராமல் போனதற்கு இந்துதான் காரணம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. எதிர்த்துச் சண்டையாவது போட்டிருப்பாள்.

அவள் நான்கு வண்டிகளை அளந்திருந்தாள். கார், ஆட்டோ, நகராட்சிக் குப்பை வண்டி, ஆம்புலன்ஸ். அரசு ஆஸ்பத்திரி வாசலில் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸின் பின்னால் குனிந்தபோது டிரைவர், "என்னம்மா, விலைக்கு வாங்கப் போறியா?" என்று கேட்டார். "எங்க தெருவுக்குள்ள நீங்க மட்டும் வரணும்ணே, வேற எவனும் காரைக் கொண்டு நுழையக் கூடாது. அதுக்குத்தான் அளக்கேன்" என்றாள். சிவில் இன்ஜினியரிங் படித்தவள், அந்தத் தெருவில் முதல் டிகிரிக்காரி. அளவு தப்பாது என்ற திமிர் இருந்தது. அளவு தப்பவும் இல்லை. ஐந்தாவதாக ஒரு வண்டி இருக்கிறது என்பதைத்தான் மறந்துபோனாள்.

ராஜபாளையத்தில் பெரிய தெருவிலிருந்து கிளை பிரிந்து போகும் சந்துதான் கிணற்றடித் தெரு. நாற்பத்திரண்டு வீடு. நுழைகிற இடத்தில் சுவருக்குச் சுவர் பதினோரு அடி. நடுவில் கிணறு இருந்து தூர்ந்துபோன இடத்தில் கொஞ்சம் வெட்டவெளி. கடைசியில் ஓடைமேல் ஒரு குட்டிப் பாலம், அதைத் தாண்டினால் தென்காசி ரோடு. பாலத்தில் கார் போகும், டிராக்டர் போகாது.

தென்காசி ரோட்டைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டதில் பிடித்தது வினை. அதுவரைக்கும் அந்தத் தெருவை ஏறிட்டும் பார்க்காத ஜனம் எல்லாம் குறுக்கு வழி கண்டுபிடித்துக்கொண்டது. காலையில் மில்லுக்குப் போகிற கார்கள், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டு விடுகிற கார்கள். பதினோரு அடித் தெருவில் அரையடிக்கு ஒரு ஹாரன். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் காலை மடக்கிக்கொள்ளட்டும் என்று வருவார்கள். மடக்கிக்கொண்டார்கள். அதுதான் இந்துவுக்கு ஆத்திரம். இவர்கள் வீட்டு வாசலில் இவர்களே காலை மடக்க வேண்டுமா?

ஒருநாள் மடக்க முடியவில்லை. இந்துவின் அம்மா மாரிக்கனி தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக் குடத்தை இடுப்புக்குத் தூக்கிய நேரம், ஒரு வெள்ளைக் காரின் பின்சக்கரம் அவள் வலது பாதத்தின்மேல் ஏறி இறங்கியது. கார் நிற்கவில்லை. நம்பரை யாரும் பார்க்கவில்லை. மாரிக்கனி பேண்டேஜ் துணி மில்லில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்ப்பவள். பாதத்தில் இரண்டு எலும்பு விட்டுப்போயிற்று. மூன்று மாதம் வீட்டில் இருந்தாள். அதன்பிறகும் சாய்ந்துதான் நடந்தாள்.

"நான்தான் செத்தத் தள்ளி நின்னுருக்கணும்" என்றாள் மாரிக்கனி.

"எங்கம்மா தள்ளி நிப்ப? அடுப்படிக்குள்ளயா?" என்று கத்தினாள் இந்து. அன்றைக்கே மனு எழுதினாள்.

நகராட்சிப் பள்ளியில் வார்டு கூட்டம். கவுன்சிலர் அனுசியா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். கிணற்றடித் தெருக்காரர்கள் ஒரு பக்கம், பெரிய தெருக்காரர்கள் ஒரு பக்கம். பெஞ்சு எப்படிப் போட்டிருந்தாலும் அவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். இந்து வரைபடத்தை மேஜையில் விரித்தாள். தெரு நுழைகிற இடத்தில் இரண்டு இரும்புக் கம்பம், இடையில் நாலரை அடி. ஆட்டோ போகும், கார் போகாது. ஒரு கம்பம் கான்கிரீட்டில் இறுக்கியது. மற்றதற்குப் பூட்டு உண்டு, ஆம்புலன்ஸ் வந்தால் திறந்து கழற்றிக்கொள்ளலாம். கழற்றினால் ஏழே முக்கால் அடி வழி கிடைக்கும்.

முதலில் வாயைத் திறந்தது சொந்தத் தெருக்காரன்தான். பொன்னுராஜ், கால் டாக்சி ஓட்டுகிறவன், இந்துவுக்கு மாமன் முறை.

"ஏட்டி, என் காரு என்ன செய்யும்? ஊரச் சுத்தி ஓடைப் பாலம் வழியா வரவா? டீசல நீயா ஊத்துவ?"

"சுத்தி வா மாமா. கார்ல ஒக்காந்துதான வார? முட்டியா தேயுது?"

"சரிட்டி, விடு. வருசத்துல ஒரு நா பெரிய வண்டி ஏதாச்சும் வரும்லா, அதுக்கு என்ன—"

"எதுக்கு, ஒனக்குச் சீர் எறக்கவா? இந்த வயசுல ரெண்டாங் கல்யாணம் கேக்குதா மாமா?"

கூட்டம் சிரித்தது. பொன்னுராஜின் பெண்டாட்டியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அடுத்து பாண்டிச்செல்வம். பெரிய தெருவில் உரக்கடை வைத்திருப்பவர், அம்மன் கோயில் விழாக் கமிட்டித் தலைவர். "ரோடுன்னா நாலு வண்டி வரத்தான் செய்யும். நடுரோட்டுல குடத்த வச்சிக்கிட்டு நின்னா கார்க்காரன் பறந்தா போவான்?" என்றார்.

"அது ரோடு இல்ல, எங்க வாசலு. எங்கம்மா நிக்கதுக்குத்தான் வாசலு. ஒங்க காரு நேரத்த மிச்சம் புடிக்கதுக்கு இல்ல" என்றாள் இந்து. குரல் நடுங்கியது. பயத்தில் இல்லை. ஆனால் எதிரே இருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

பதினைந்து நிமிஷம் இப்படியே போனது. பிறகு பாண்டிச்செல்வம் வரைபடத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, யாரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்.

"பிள்ள சொல்லுறதுல நியாயம் இருக்கு. எங்களுக்கு ஆட்சேபணை இல்ல. வேணும்னா கமிட்டி சார்புல எழுதிக்கூடத் தாரோம்."

தெருவில் கம்பம் நடுவதற்கும் கோயில் கமிட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று இந்து கேட்கவில்லை. ஜெயித்தவள் எதற்குக் கேட்கப் போகிறாள்? கிணற்றடித் தெருப் பெண்கள் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா கொத்தனார் ஆண்டிச்சாமி மட்டும் தட்டவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தொன்பது நாளில் கம்பம் வந்து இறங்கியது. அந்தத் தெருவுக்குத் தெருவிளக்கு வர நாலு வருஷம் ஆகியிருந்தது. வேலையை எடுத்த காண்ட்ராக்டர் கொத்து வேலைக்கு ஆண்டிச்சாமியையே கூப்பிட்டார். மகள் வரைந்ததை அப்பா நட்டார். இரண்டடி குழி, நல்ல ஜல்லி, குழாய்க்குள்ளும் கான்கிரீட். "யானை வந்து முட்டினாலும் அசையாது" என்று காண்ட்ராக்டர் சொன்னார். இந்து போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாள்.

மறுநாள் காலை தெருவே வேறு மாதிரி இருந்தது. மாரிக்கனி குடத்தை நடுத்தெருவில் வைத்துவிட்டு, அடுத்த வீட்டுப் பாண்டீஸ்வரியோடு கால் மணி நேரம் பேசினாள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

இனி அந்த ஐந்தாவது வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் சப்பரத்தில் வரும். டிராக்டர் டிரெய்லரில் சட்டம் கட்டி, பூவும் சீரியல் விளக்கும் ஜோடித்த சப்பரம், ஒன்பதரை அடி அகலம். முன்பெல்லாம் பெரிய தெருவில் மட்டும் வரும். கிணற்றடித் தெரு முனையில் நிற்காது, கொஞ்சம் மெதுவாகப் போகும். அவ்வளவுதான். தெரு ஜனம் தட்டை எடுத்துக்கொண்டு முனைக்கு ஓட வேண்டும். ஏன் உள்ளே வராது என்று கேட்டால், வழக்கம் இல்லை என்பார்கள். யார் வழக்கம், எதனால் வழக்கம் என்பது ஊருக்கே தெரியும். யாரும் அதைச் சொல்லால் சொல்ல மாட்டார்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஆண்டிச்சாமியும் ஆறு பேரும் டிராக்டருக்கு முன்னால் படுத்துவிட்டார்கள். உள்ளே வந்தால்தான் ஆயிற்று என்றார்கள். அடி விழுந்தது. ஆண்டிச்சாமிக்கு இடது மணிக்கட்டு விலகியது. பொது அமைதிக்குப் பங்கம் என்று கேஸ். ஏழு வருஷம் வாய்தாவுக்கு வாய்தா ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு பஸ் ஏறினார். அன்றைய கூலி போகும். போய் நின்று, பெயர் கூப்பிட்டதும் கையைத் தூக்கிவிட்டுத் திரும்பி வருவார். கடைசியில் விடுதலை ஆனார்கள். கேஸ் ஒரு பக்கம் நடக்க, படுத்த வருஷமே தாலுகா ஆபீஸில் பேச்சுவார்த்தை நடந்து ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். டிராக்டர் தடையில்லாமல் போய்த் திரும்பக்கூடிய எல்லாத் தெருக்களுக்கும் சப்பரம் போகும். அடுத்த பங்குனியில் அம்மன் முதல்முறையாக உள்ளே வந்தது. சுவருக்கும் சப்பரத்துக்கும் இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். கிணற்று வெட்டவெளியில் திரும்பி வெளியே போனது. கொரோனா வருஷங்கள் போக எட்டுத் தடவை வந்திருக்கிறது.

அந்த எட்டில் ஒன்றைக்கூட இந்து கண்ணால் பார்த்ததில்லை. படுத்த வருஷமே, இங்கே இருந்தால் பிள்ளை படிக்காது என்று அப்பா அவளை விருதுநகரில் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார். பிறகு காலேஜ், பிறகு சென்னையில் வேலை. பங்குனி என்றால் பரீட்சை, இல்லாவிட்டால் லீவு கிடைக்காது. சென்னை வேலையை விட்டுவிட்டு அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்க அவள் ஊருக்கு வந்ததே போன பங்குனிக்குப் பிறகுதான். அப்பா போனில் வீடியோ அனுப்புவார். வீடியோவில் அம்மன் முகம் தெரியும், அம்மாவின் குலவைச் சத்தம் கேட்கும். வண்டியின் அகலம் தெரியாது.

பொங்கலன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆண்டிச்சாமி கடப்பாரையையும் அரை மூட்டை சிமென்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பியபோதுதான் இந்துவுக்கு உறைத்தது.

"எங்கப்பா போற?"

"சப்பரம் ஒம்பதர அடில்லா. அந்த ஒத்தக் கம்பத்த ஒடச்சு எடுத்துட்டு, சப்பரம் போன பொறவு நட்டுருவேன். ரெண்டு மணி நேர வேல. கவுன்சிலர்ட்டக் கேட்டுட்டேன், அன்னைக்குப் பாத்துக்கிடலாம்னாவ."

ஒன்பதரையும் ஏழே முக்காலும் ஒரே நேரத்தில் அவள் மண்டைக்குள் வந்து நின்றன. செருப்புப் போடாமல் அப்பாவின் பின்னால் ஓடினாள்.

முனையில் பாண்டிச்செல்வம் வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார். பக்கத்தில் பந்தோபஸ்துக்கு வந்த எஸ்.ஐ. மேளம் நாலு வீடு தள்ளிக் கேட்டது.

"என்ன ஆண்டிச்சாமி, கடப்பாரையும் கையுமா?"

"கம்பத்த எடுக்கணும் மொதலாளி. சப்பரம் உள்ள வரணும்லா?"

"நல்லாருக்கே! கவுர்மென்டு நட்ட கம்பம். நீரு பாட்டுக்கு ஒடச்சா அரசாங்கச் சொத்தச் சேதப்படுத்துன கேஸ் ஆயிரும்வே." எஸ்.ஐ. பக்கம் திரும்பினார். "என்ன சார்?"

எஸ்.ஐ. வேறு எங்கோ பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். கவுன்சிலர் அனுசியாவுக்கு இந்து போன் அடித்தாள். எடுக்கவில்லை.

"சார், ஒப்பந்தம் இருக்கு. தாலுகா ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டது" என்றாள் இந்து.

"இருக்கும்மா. டிராக்டர் தடையில்லாமப் போற தெருவுக்குப் போகும். நாங்க மாட்டேன்னா சொல்லுதோம்? தடை இருக்கே." அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி பேசினார். "நீதான தாயி எழுதிக் குடுத்த? படிச்ச பிள்ள, நல்ல காரியம்னுதான நாங்களும் கையெழுத்துப் போட்டோம்."

"எறக்கித் தோள்ல தூக்கிட்டு வாங்க. நாலு பேரு போதும். நாங்க தூக்குதோம்."

"நீங்க தூக்குவீகளா?" என்று பின்னாலிருந்து எவனோ சிரித்தான். பாண்டிச்செல்வம் சிரிக்கவில்லை. "ஏத்துன அம்மன நடுவுல எறக்குற பழக்கம் இல்லம்மா" என்றார்.

பொன்னுராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "ஏ மச்சான், என்ன பாத்துக்கிட்டு நிக்கீரு? கடப்பாரைய எங்கிட்டத் தாரும். கேஸ்தான, போடட்டும். நமக்கு என்ன புதுசா?"

ஆண்டிச்சாமி கடப்பாரையைக் கொடுக்கவில்லை. அவரே அதை ஓங்கினார். ஒரே ஒரு அடி. கம்பம் ணங்கென்று சத்தம் போட்டது. பெயின்ட் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் பெயர்ந்தது. அவர் போட்ட கான்கிரீட், லேசில் விடுமா?

எஸ்.ஐ. இப்போது நேராகப் பார்த்தார். "பெரியவரே, ஒங்க பொண்ணு கவுர்மென்டு வேலைக்கு எழுதிப் பாஸ் பண்ணியிருக்குன்னு சொன்னாங்க. போலீஸ் வெரிஃபிகேஷன் எங்ககிட்டதான் வரும். குடும்பத்துல கேஸ் இருந்தா நல்லாவா இருக்கும்?"

அப்பன்மேல் கேஸ் இருந்தால் மகள் வேலைக்கு ஒன்றும் ஆகாது. இந்துவுக்கு அது தெரியும். "அது சும்மா மெரட்டுறது, நீ அடிப்பா! அடி!" என்று கத்தினாள்.

ஆனால் ஆண்டிச்சாமி ஏழு வருஷம் கோர்ட்டு வராந்தாவில் நின்றவர். கேஸ் என்றால் என்ன என்பதை அவர் சட்டப் புத்தகத்தில் படிக்கவில்லை. மகளைப் பார்த்தார். கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார். மேல்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, திரும்பி வீட்டைப் பார்க்க நடந்தார்.

சப்பரம் வந்தது. முனையில் நிற்கவில்லை, கொஞ்சம் மெதுவாகப் போனது. பெண்கள் தேங்காய்த் தட்டோடு முனைக்கு ஓடினார்கள். மாரிக்கனி சாய்ந்து சாய்ந்து ஓடினாள். பாண்டீஸ்வரி குலவை போட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டாள். வாசலுக்கு வாசல் தண்ணீர் தெளித்துப் போட்டிருந்த கோலம் மிதிபடாமல் அப்படியே கிடந்தது.

"நீயும் வந்து கும்புடுப்பா" என்று இந்து வாசலில் போய் அழைத்தாள்.

"அங்ஙன நின்னு கும்புட்டது போதும்னுதான அன்னைக்குப் படுத்தேன்" என்றார் அவர்.

பொன்னுராஜ் மறுநாள் காலையில் வந்தான். கிண்டல் பண்ணத்தான் வருகிறான் என்று நினைத்து இந்து முந்திக்கொண்டாள். "நீ அன்னைக்குக் கூட்டத்துல சப்பரத்தச் சொல்ல வந்த. நான்தான் பேச விடல மாமா."

"ச்சீ, நான் எங்க சப்பரத்த நெனச்சேன்? வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கச் சாரம் ஏத்திட்டு வார லாரியச் சொன்னேன்." தலையைச் சொறிந்தான். "ஒருத்தருக்கும் ஞாவகம் வரலட்டி. எட்டு வருசம் வந்துச்சுல்லா, இனிமே எங்க போவப் போவுதுன்னு இருந்துட்டோம். காருதான் கண்ணுல நின்னுச்சு."

ஆறுதலுக்குத்தான் சொன்னான். அது அவளுக்கு இன்னும் வலித்தது. கவுன்சிலர் அன்றைக்குப் போனை எடுத்தார். விழாவுக்கு மட்டும் கழற்றுகிற மாதிரி மாற்ற வேண்டும் என்றால் புதிதாக மனு கொடுக்கணும்மா, பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று படித்த பிள்ளைக்குத் தெரியாதா?

"அந்தக் கம்பமே வேண்டாம்மா. ரெண்டையும் எடுக்கச் சொல்லி எழுதப் போறேன்" என்றாள் மாரிக்கனியிடம்.

மாரிக்கனி பாதத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "எடுத்தா காரு வரும்" என்றாள். தைலப் புட்டியை மூடிவிட்டு, "வந்தா வரட்டும்" என்றாள். இரண்டையுமே மனசாரத்தான் சொன்னாள். எதை மனுவில் எழுதுவது?

ஆண்டிச்சாமி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இந்து அவரிடம் மட்டும் இன்னும் கேட்கவில்லை. மட்டப்பலகையை எடுத்துக் கொடுத்தபடி கேட்டாள்.

"ஒனக்கு எப்பப்பா தெரியும்?"

"குழி தோண்டையிலே தெரியும். பொங்கலன்னைக்கு ஒடச்சு நட்டுக்கிடலாம்னு இருந்தேன். கூட்டத்துல நீ அளவச் சொல்லும்போதே ஒரு மாதிரி இடிச்சுது."

"பொறவு ஏன்ப்பா அங்ஙனயே சொல்லல? ஒரு வார்த்த சொல்லிருந்தா ரெண்டு கம்பத்துக்கும் பூட்டுப் போட்டுருப்பேனே!" கோபம் அப்பாமேல் போகப் பார்த்தது. போனால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

ஆண்டிச்சாமி கொத்துக்கரண்டியைத் துணியில் சுற்றினார்.

"நீ பேசிக்கிட்டு இருந்தேல்லா. அப்ப பாண்டிச்செல்வம் இருந்த எடத்த விட்டு எந்திரிச்சு வந்து, நின்னுக்கிட்டுக் கேட்டாரு. நான் முப்பது வருசமா அவரு கடைக்கும் வீட்டுக்கும் வேல பாக்கேன். எங்கிட்ட ஒக்காந்துக்கிட்டுத்தான் பேசுவாரு, நான் நிப்பேன். எம்மவட்ட எந்திரிச்சு நின்னு பேசுதாரேன்னு பாத்துக்கிட்டு இருந்துட்டேன். அந்த நேரத்துல போயி, நீ போட்ட கணக்கு தப்புன்னு எப்படிட்டி சொல்லுவேன்? அதுவும் அவரு முன்னால?"

இந்துவுக்கு நினைவு வந்தது. எழுந்து வந்தது உண்மைதான். மேஜைமேல் குனிந்தார். வரைபடத்தில் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகத் தடவிக்கொண்டு வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. "கழட்டுனாலும் ஏழே முக்கால்தான? கூட வராதே?" என்று கேட்டார். "ஒரு இஞ்ச் கூட வராது சார்" என்று அவள் பெருமையாகச் சொன்னாள். அதன் பிறகுதான் அவர் நியாயம் இருக்கிறது என்றார்.

இதை அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. யாரிடமும் எதையும் மறைத்துப் பேசிப் பழகாதவள் அவள். அப்பா வாசற்படியில் ஒரு கால் வைத்து, பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.

"ஆமாப்பா, நின்னுதான் கேட்டாரு" என்றாள்.

ஆண்டிச்சாமி தலையை ஆட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி வேலைக்குப் போனார்.